பூட்டிய நூலகமும் பதிவேட்டில் இல்லாத பிள்ளைகளும்

ஊராட்சி மன்ற உறுப்பினர்களே, ஊராட்சிச் செயலர்களே, மகளிர் சுய உதவிக் குழுச் சகோதரிகளே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை ஒரு சிறிய கிராம ஊராட்சியின் தலைவராக இருந்தவள் என்ற முறையில், இளைஞர்களின் வாய்ப்புகளைப் பெருக்க ஊராட்சி என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். ஊராட்சியால் ஒரு தொழிற்சாலையைக் கொண்டுவர முடியாது. அரசு வேலை கொடுக்கவும் முடியாது. அப்படிக் கேட்டு வந்த தாய்மார்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பிய வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் எங்கோ இருக்கிற ஒரு வாய்ப்புக்கும் நம் தெருவில் இருக்கிற ஒரு பிள்ளைக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கிற வேலையை, அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதவு எண் வரை அறிந்த ஊராட்சியைப் போல வேறு எந்த அலுவலகமும் செய்ய முடியாது என்பதை இந்த ஐந்து ஆண்டுகளில் உறுதியாகக் கண்டுகொண்டேன்.

நான் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் எங்கள் செயலர் பதிவேடுகளை என் முன் அடுக்கி வைத்தார். வீட்டு வரிக்கு ஒன்று, குடிநீர் இணைப்புக்கு ஒன்று, தெருவிளக்குக்கு ஒன்று. எந்தக் கம்பத்தில் எப்போது விளக்கு மாற்றப்பட்டது என்பதுகூட அதில் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு மேலே படிக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அதுக்குப் பதிவேடு இல்லைங்கம்மா" என்றார். ஒவ்வொரு கம்பத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கிற ஓர் ஊராட்சி, அந்தக் கம்பத்தின் கீழே நின்று பொழுதைக் கழிக்கிற பையனைக் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

அப்படி வைத்துக்கொள்வது நம் வேலையா என்று கேட்கலாம். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம், ஊராட்சிகளுக்கு உரியவை என்று பதினோராவது அட்டவணையில் 29 துறைகளைக் குறிப்பிடுகிறது. பள்ளிக் கல்வி, தொழிற்பயிற்சி, முறைசாராக் கல்வி, நூலகம், பண்பாட்டு நடவடிக்கைகள் ஆகியவை அதில் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றின் அதிகாரமும் பணமும் இன்னும் மாநிலத் துறைகளின் கையில்தான் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் நம் மன்றத்தில் கல்விக் குழு என்று ஒன்று உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் உறுப்பினர்களுக்கு இடம் உண்டு. எங்கள் ஊராட்சியில் கல்விக் குழு வெகுகாலம் பெயரளவில்தான் இருந்தது. அதைக் கூட்டி, சுய உதவிக் குழுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதினோம்.

ஒரே தெருவில் நான்கு பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றிருந்தார்கள். வறுமைதான் காரணமாக இருக்கும் என்று நினைத்துப் போன எங்களுக்கு, நால்வரும் நான்கு வேறு காரணங்களைச் சொன்னார்கள். ஒருவனுக்குச் சாதிச் சான்றிதழ் உரிய நாளுக்குள் வரவில்லை. ஒருத்தியின் வீட்டில், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப்பெண் திட்டத்தைப் பற்றியே தெரியவில்லை. இன்னொருவனின் அப்பாவுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதும், அதைக் காட்டினால் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும் என்பதும் யாரும் சொல்லித் தெரியவில்லை. நான்காவது பெண்ணுக்குப் பேருந்துதான் தடை. அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு மாலை நேர முகாமிலும், கிராம நிர்வாக அலுவலரோடு பேசும் பத்து நிமிடங்களிலும் தீரக்கூடியவை இவற்றுள் மூன்று. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்திலேயே, ஊராட்சி அலுவலகத்தில் சான்றிதழ் முகாம் நடத்தினால் போதும்.

இப்போது நூலகத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிக்கப்படும் அந்தத் தொகை இன்று ரூபாய்க்கு 10 காசு. 200 ரூபாய் வரி கட்டுகிற குடும்பம் 20 ரூபாயை நூலகத்துக்கென்று கொடுக்கிறது. வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்துவது நம் பொறுப்பு. அதைத் தவறாமல் செலுத்துகிற ஊராட்சிக்கு, எங்கள் ஊருக்கு நூல்கள் எங்கே என்று கேட்கிற உரிமையும் உண்டு.

2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. எங்கள் ஊர் நூலகத்தின் சாவி மேல்நிலைத் தொட்டி இயக்குபவரிடம் இருந்தது. நான் பார்க்கப் போன அன்று பூட்டுக்கு எண்ணெய் விட்டுத்தான் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே பல ஆண்டுகளுக்கு முந்தைய நாட்காட்டி ஒன்று தொங்கியது; கட்டுப் பிரிக்காத புத்தகங்களின் அடிவரிசையைச் செல் அரித்திருந்தது; மேசைமேல் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் இருந்தன. அதே நாட்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் குரூப் 4 தேர்வுக்குக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சி ஓடும்போது படிக்க முடியாது. மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்ப் படித்தால் இருட்டுவதற்குள் திரும்ப முடியாது. மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் இடையே நூறு அடி தூரம்கூட இல்லை.

மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வரும் மானியத்தில் 60 விழுக்காடு அப்போது குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடத் தக்கதாக இருந்தது. மீதியைப் பிற பணிகளுக்குப் பயன்படுத்த முடிந்தது. ஆனால் சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே மின்கம்பிகளை மாற்றவும், விளக்கும் மின்விசிறியும் பொருத்தவும், பெண்கள் இரவில் வந்துபோவதற்காக வாசலில் ஒரு விளக்கு போடவும் அந்த மீதிப் பணத்தைக் கொண்டு தீர்மானம் நிறைவேற்றினோம். மாலை 5 மணி முதல் 9 மணி வரை திறந்து வைக்கும் பொறுப்பை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் பட்டம் முடித்த இரண்டு பெண்களும் முறைவைத்து ஏற்றுக்கொண்டார்கள். பகல் 11 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிற நூலகம், படிக்கிற பிள்ளைக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் திறக்காத நூலகம்தான். எனவே நேரத்தை மாற்றியதே நாங்கள் செய்த மிகப் பெரிய காரியம் என்று நினைக்கிறேன். ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இரு பெண்களில் ஒருவருக்குத் திருமணமாகி வெளியூர் போனதும் இரண்டு வாரம் மறுபடியும் பூட்டு விழுந்தது. தன்னார்வத்தை மட்டும் நம்பக் கூடாது. சிறிய மதிப்பூதியத்துக்காவது ஊராட்சியின் பொது நிதியில் முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். அதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

விளையாட்டுக் கருவிகளுக்கும் இதே கதிதான். பல ஊர்களில் அரசு கொடுத்த பந்தும் மட்டையும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. சாவியை இளைஞர்களிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள், தொலைந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த நான்காவது பெண். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எங்கள் ஊருக்கு வரும் பேருந்து கல்லூரியில் முதல் வகுப்பு தொடங்கிய பிறகுதான் நகரத்தைச் சேரும். கட்டணமில்லாப் பயணம் அவளுக்குக் கிடைத்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் கிடைக்கவில்லை. எத்தனை மாணவியர், எந்தக் கல்லூரி, எத்தனை மணிக்கு வகுப்பு என்று நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதி, கிராம சபைத் தீர்மானத்தோடு போக்குவரத்துக் கழகப் பணிமனைக்கு அனுப்பினோம். மூன்று முறை நேரில் போன பிறகு பேருந்து அரை மணி நேரம் முன்கூட்டி வந்தது. பெயர்ப் பட்டியல் இல்லாமல் போயிருந்தால் முதல் முறையே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பி, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அதற்கு யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. மன்றத்தின் காலம் முடிந்தாலும் கிராம சபைக்கு முடிவில்லை. 501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் 100 பேர் வந்தால் சபை செல்லும். அந்த நூறு பேரில் நாற்பது பேர் நீங்களாக இருந்தால், தீர்மானப் புத்தகத்தில் சாக்கடையோடு உங்கள் படிப்பும் வேலையும் இடம்பெறும். 21 வயதில் போட்டியிடவும் அரசியலமைப்பு அனுமதிக்கிறது. கேரளத்தின் அருவாப்புலம் ஊராட்சியில் 2020 டிசம்பரில் ரேஷ்மா மரியம் ராய் அந்த வயதிலேயே தலைவர் ஆனார்.

அடுத்த கிராம சபைக்கு வரும்போது மூன்று தீர்மானங்களை எழுதி எடுத்து வாருங்கள்: 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு பதிவேடு, ஏப்ரலில் சான்றிதழ் முகாம், இரவு 9 மணி வரை திறந்திருக்கும் நூலகம். எழுதிய தாளில் பத்துப் பேராவது கையெழுத்திடுங்கள். சபை கலைவதற்கு முன் அது தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று படித்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.