இரண்டு சான்றிதழ்களும் ஒரு தேதியும்
(இராமேஸ்வரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே,

இந்தத் தீவுக்கு ரயிலில் வருகிறவர்கள் 'மண்டபம் முகாம்' என்ற நிலையத்தைத் தாண்டித்தான் வருகிறோம். அந்தப் பெயர் அகதிகளால் வந்ததல்ல. வெள்ளையர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் மக்களைத் தங்கவைத்துப் பரிசோதித்து அனுப்பிய இடம் அது. 1983 கலவரத்துக்குப் பிறகு அதே இடத்தில்தான் அக்கரையிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்களை வரவேற்றோம்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, மன்னாரிலிருந்து படகில் வந்தவர். ஒருநாள் தம் பிள்ளைகள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களைப் பாயில் விரித்தார். கடற்காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு செம்பை வைத்தார். ஒரே ஊர், ஒரே மருத்துவமனை. மூத்தவன் பிறந்தது 1987 மே மாதம், இளையவன் 1989. நம் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஒரு வயிற்றில் பிறந்த அண்ணனுக்கு நாடு உண்டு, தம்பிக்கு இல்லை. தம்பியின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கும் இல்லை.

இளையவனுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. எந்த ஊரில் சாரத்தில் நின்றாலும் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் தணிக்கை நாளன்று ஓடி வந்துவிட வேண்டும், இல்லையென்றால் பதிவு போய்விடும் என்ற பயம். நாற்பது வயதை நெருங்குகிறவன், பள்ளிப் பிள்ளையைப் போல 'உள்ளேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறான். இதை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

2019இல், அண்டை நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை தர அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று எழுதினார்கள். தனுஷ்கோடிக்கு எதிரே கிடக்கும் இலங்கையை எழுதவில்லை. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம்தான். ஆனால் குடியுரிமை தர வேண்டியது டெல்லி.

2022இல், இலங்கையிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களைக் கைக்குழந்தைகளோடு மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் படகுகள் போனதை நம் மீனவர்கள் அறிவார்கள்.

அன்று சான்றிதழ்களை மடித்து வைத்தபடி அக்கா கேட்டார்: "இரண்டு வருடம் பிந்திப் பெற்றது என்னுடைய பிழையா தம்பி?"

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு மத்திய அரசுக்கு எழுதிய மனு, மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது.