மலை ரயில் ரத்தான காலையில்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால், மேட்டுப்பாளையம் – உதகை மலை ரயில் ரத்து என்ற செய்தி வராத ஆண்டு அரிது. காலை 7.10 வண்டிக்காக விடியுமுன்பே பிள்ளைகளை எழுப்பிக் குளிக்கவைத்துக் கூட்டிவந்த குடும்பம், நிலையத்தில் அறிவிப்பைப் பார்த்துத் திகைத்து நிற்கும். அழுகிற பிள்ளையிடம், "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? கிடைத்ததற்கு நன்றியோடு இரு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அடுத்தவர் துன்பத்தைக் காட்டினால் ஏமாற்றம் குறைவதில்லை. வருத்தப்பட்டதே குற்றம் என்ற கூச்சம்தான் சேர்கிறது. கொஞ்ச நேரம் அழட்டும். பிறகு, வண்டி ஏன் நின்றது என்று விளக்குங்கள். நன்றி என்பது விவரம் தெரிந்த பிறகு வருகிற உணர்வு.

மொத்தப் பாதை 46 கிலோமீட்டர். அதில் கல்லாறு தாண்டிக் குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டர் பற்சட்டப் பாதை. பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயரும் ஏற்றம் அது. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்வி ஏறுகிறது. இன்ஜின் இருப்பது பின்னால், சரிவின் கீழ்ப்பக்கம். முன்பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன், அதாவது பெட்டியின் பிரேக்கை இயக்கும் பணியாளர், கொடி காட்டித்தான் ஓட்டுநருக்குப் பாதையின் நிலை தெரியும்.

மழையில் மலைச்சரிவின் மண் நீரைக் குடித்துக் கனக்கிறது, பிடி தளர்கிறது. மண்ணில் புதைந்திருந்த பாறை உருண்டு பாதையில் விழுகிறது. பற்சட்டம் வளைந்தாலோ உடைந்தாலோ பற்சக்கரம் அதில் சரியாகப் பொருந்தாது. அகற்ற முடியாத பாறையை அங்கேயே உடைத்து, மண்ணை வாரி, சட்டத்தைச் சோதித்த பிறகே வண்டியை விட முடியும். "மழைதான் விட்டுவிட்டதே" என்று கோபப்படுகிறோம். ஆனால் மழை விட்ட பிறகும் மண்ணுக்குள் ஈரம் இருக்கிறது. சரிவு மறுபடி இறங்கலாம்.

இதையெல்லாம் நமக்கு முன்பே பார்த்தவர் ஒருவர் உண்டு: பாதையை நடந்தே சோதிக்கும் ரயில்வே தொழிலாளி. ஸ்பேனர், சுத்தியல், சிவப்பு, பச்சைக் கொடிகள், தண்டவாளத்தில் வைக்கும் வெடிகள் ஆகியவைதான் அவர் சுமை. இந்த மலைப்பாதையைப் போன்ற மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள) பாதையில் தடை கண்டால் 400 மீட்டர் தள்ளி ஒரு வெடி, 800 மீட்டர் தள்ளிப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகள் வைக்க வேண்டும் என்பது விதி. சக்கரம் ஏறியதும் வெடிக்கும் சத்தத்தில் ஓட்டுநர் நிறுத்துவார். கொட்டும் மழையில், தண்டவாளத்தைத் தாங்கும் வழுக்கும் ஸ்லீப்பர்கள்மேல், அந்தத் தூரம் ஓடிப்போய்த்தான் வைக்க வேண்டும். நம் பயணம் நின்றதற்கும் நாம் பத்திரமாக இருப்பதற்கும் காரணம் ஒரே மனிதரின் உழைப்பு. பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கேள்விமேல் கேள்வி கேட்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைப்பணம் போகுமோ என்ற பதற்றத்தில் யாருக்கும் நன்றி தோன்றாது. அவசரப்பட்டு நீங்களே டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள், கட்டணம் பிடிப்பார்கள். ரயில்வே வண்டியை ரத்து செய்தால் இ-டிக்கெட்டின் பயணக் கட்டணம் முழுதும் தானாகவே கணக்குக்குத் திரும்பும். கவுன்டரில் எடுத்த டிக்கெட்டை, வண்டி புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தங்குமிடத்தில் பணத்தைக் கேட்பதைவிடத் தேதியை மாற்றக் கேட்டால் இணங்குவது எளிது.

மேட்டுப்பாளையம் – குன்னூர் கீழ்ப்பாதை மூடியிருந்தாலும் குன்னூர் – உதகை வண்டி பல நேரங்களில் ஓடும். மலைச்சாலை திறந்திருந்து, கனமழை எச்சரிக்கையும் இல்லையென்றால், பஸ்ஸில் குன்னூர் போய் அதில் ஏறலாம். எச்சரிக்கை இருந்தால் மலையேற வேண்டாம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர் திறக்கும். மழைக்காலம் முடிந்த ஒரு தேதியைப் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.