செக் பண்ணிட்டுத்தானே சேத்தேன், அப்புறம் எப்படி ரெண்டு அக்கவுண்ட்?

ஆடியோ வருதா... வருது. சரி, நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். ஒரே ஈமெயில்ல ரெண்டு அக்கவுண்ட். இதுதான் இன்னிக்குக் கதை.

நான் எழுதின சைன்அப் ஃபார்ம்லயே நடந்துச்சு. கோடைத் திறந்து பார்த்தா செக் ஒழுங்காத்தான் இருக்கு. ரெயில்ஸ்னு வெப்சைட் கட்டுற ஃப்ரேம்வொர்க்ல யூனிக்னெஸ் வேலிடேஷன்னு ஒண்ணு இருக்குல்ல, ஒரே மதிப்பு ரெண்டு தடவை வராம பார்க்கிற செக், அதைப் போட்டிருந்தேன். ரெண்டு நாள் அந்த ஒரு வரியையே முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வரில தப்பே இல்லைங்க. அது என்ன செய்யும்னு நான் நம்பிட்டிருந்தேன் பாருங்க, அதுலதான் தப்பு.

அது முதல்ல டேட்டாபேஸ்ல ஒரு செலக்ட் ஓட்டும், அதாவது தேடிப் பார்க்கும். இந்த ஈமெயில் இருக்கா? இல்லையா, அப்போ இன்சர்ட், புதுசா எழுதிடும். நடுவுல சில மில்லிசெகண்ட். யூசர் பொறுமையில்லாம பட்டனை ரெண்டு தட்டு தட்டினா ரெண்டு ரிக்வெஸ்ட் தனித்தனி ப்ராசஸுக்குப் போயிடும். ரெண்டும் கேக்கும், ரெண்டுக்கும் "இல்லை"ன்னே பதில் வரும், ரெண்டும் எழுதிடும். ட்ரான்ஸாக்‌ஷனுக்குள்ள போட்டா சரியாயிடும்னு நினைச்சேன், அதாவது எல்லாம் சேர்ந்து நடக்கணும், இல்லைன்னா எதுவும் நடக்கக்கூடாதுங்கிற ஒரே கட்டா. ஆகாது. ரெயில்ஸ்ல சேவ் ஏற்கெனவே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள்ளதான் ஓடுது! போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ் டீஃபால்ட்டா ரீட் கமிட்டெட்ல இருக்கும், கமிட் ஆனதை, அதாவது உறுதியா எழுதி முடிச்சதை மட்டும்தான் காட்டும். பக்கத்துல ஒருத்தன் எழுதி இன்னும் கமிட் பண்ணாத ரோ, அதாவது டேபிள்ல ஒரு வரிசை, உங்க கண்ணுக்கே தெரியாது.

இருங்க, ஸ்கிரீனைக் காட்டுறேன். ரெண்டு டெர்மினல். ஈமெயில்மேல யூனிக் இன்டெக்ஸ், அதாவது ஒரே ஈமெயில் ரெண்டு தடவை வராம டேட்டாபேஸே தடுக்கிற காவல், போட்டாச்சு. ரெண்டுலயும் பிகின் அடிச்சு ட்ரான்ஸாக்‌ஷனை ஆரம்பிக்கிறேன். இடது பக்கம் இன்சர்ட்... போயிடுச்சு. வலது பக்கம் அதே ஈமெயில்... பாருங்க, அப்படியே நிக்குது. எரர் இல்ல, பதிலும் இல்ல. இடது பக்கம் ரோல்பேக் ஆனா, அதாவது எழுதினதை வாபஸ் வாங்கினா, இது உள்ள போகலாம், கமிட் ஆனா போகக்கூடாது. எதுன்னு தெரியிற வரைக்கும் வாசல்லயே காத்துக்கிட்டு இருக்கு. இப்போ கமிட் அடிக்கிறேன்... வந்துச்சா? 23505, யூனிக் வயலேஷன். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்காது. மைஎஸ்க்யூஎல்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ்ல இந்த எரருக்கு நம்பர் 1062.

அப்போ வேலிடேஷனைத் தூக்கிடலாமான்னா, வேண்டாம். "இந்த ஈமெயில் ஏற்கெனவே இருக்கு"ன்னு பக்குவமா சொல்ல அது வேணும். காவலுக்கு இன்டெக்ஸ். ரெயில்ஸ்ல ரெக்கார்ட் நாட் யூனிக், இன்னொரு ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோல இன்டெக்ரிட்டி எரர்னு வரும், அதைப் பிடிச்சு அதே மெசேஜைக் காட்டுங்க. யூசருக்கு 500-ங்கிற சர்வர் எரர் பக்கம் போகக்கூடாது. இங்க ஒரு சிக்கல்: போஸ்ட்கிரெஸ்ல ஒரு எரர் வந்துட்டா அந்த ட்ரான்ஸாக்‌ஷனே செத்த மாதிரிதான், ரோல்பேக் பண்ற வரைக்கும் அடுத்த க்வெரி எதுவும் ஓடாது. அதனால நடுவுல சேவ்பாயிண்ட் வச்சுக்கங்க, அதுவரைக்கும் மட்டும் திரும்பிப் போகலாம். இல்ல, மோதல் வந்தா ஒண்ணும் பண்ணாதேன்னு சொல்ற ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்கை இன்சர்ட்லயே எழுதிடுங்க, 9.5 வெர்ஷன்லேர்ந்து இருக்கு.

இன்டெக்ஸ் போட்டும் ஓட்டை விழற இடம் உண்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினா போஸ்ட்கிரெஸுக்கு அது வேற ஈமெயில். எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்குற லோயர் ஃபங்க்‌ஷன் மேல இன்டெக்ஸ் போட்டா முடிஞ்சுது. என்னை நிஜமா கடிச்சது 'நல்', அதாவது மதிப்பே போடாத காலி இடம். பேருதான் நல், நல்லது ஒண்ணும் பண்ணாது. யூசர் ஐடி, டீம் ஐடி ரெண்டும் சேர்ந்து யூனிக்னு வச்சிருக்கோம்னு வைங்க. டீம் ஐடி நல்லா இருந்தா... அதாவது நல்-ஆ இருந்தா, அதே யூசருக்கு எத்தனை ரோ வேணாலும் உள்ள போகும். ஒரு நல்லும் இன்னொரு நல்லும் சமம் இல்லைங்கிறது டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லோட கணக்கு. போஸ்ட்கிரெஸ் 15-ல நல்ஸ் நாட் டிஸ்டிங்க்ட்னு சேர்த்தாங்க, அதைப் போட்டா தடுக்கும். நிஜமா அழிக்காம, அழிச்சாச்சுன்னு குறி மட்டும் போடுற சாஃப்ட் டெலீட் பண்றவங்க, டெலீட் ஆகாத ரோக்களுக்கு மட்டும் பார்ஷியல் இன்டெக்ஸ் போட்டுக்கங்க. மைஎஸ்க்யூஎல்ல அந்த வசதி கிடையாது.

ஏற்கெனவே ஓடிட்டிருக்கிற டேபிள்னா முதல்ல ஒரே ஈமெயில் இருக்கிற ரோக்களை குரூப் பை போட்டுச் சேர்த்து, கவுண்ட் ஒண்ணுக்கு மேல இருக்கிறதை எடுங்க. டூப்ளிகேட் இருந்தா இன்டெக்ஸ் உருவாகாது. டேபிள்ல எழுதுறதை நிறுத்தாம இன்டெக்ஸ் கட்டுற கன்கரன்ட்லி போட்டு பாதில ஃபெயில் ஆனா, இன்வேலிட்னு ஒரு இன்டெக்ஸ் அங்கேயே கிடக்கும். அதை ட்ராப் பண்ணிட்டுத்தான் மறுபடி ஓட்டணும்.

என் விஷயத்துல அந்த ரெண்டு அக்கவுண்ட்லயும் ஆர்டர் இருந்துச்சு. எதையும் சும்மா அழிக்க முடியல. ரெண்டையும் ஒண்ணா சேர்க்க எழுதின ஸ்கிரிப்ட் தனிக் கூத்து, அடுத்த வீடியோல காட்டுறேன்.