சொந்தம் இல்லாத வீட்டில் ஒரு பிள்ளை

(யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, பிள்ளைகளை மடியில் வைத்தபடி பின்வரிசையில் இருக்கும் தாய்மாரே, வணக்கம்.

"பல்லினச் சமூகமும் பாலர் வளர்ப்பும்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறீர்கள். அவ்வளவு பெரிய தலைப்பு எனக்குத் தாங்காது. பிள்ளை வளர்க்கிறவர்களில் யாருக்கு இந்த ஊரில் கைகொடுக்க ஆள் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதை மட்டும் பேசுகிறேன்.

எங்கள் ஊரில் பிள்ளைப்பேற்றுக்கு உதவி என்றால் அது சொந்தக்காரர் வழியாகத்தான் வரும். 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும் அம்மம்மா வந்து நிற்பா. பெரியம்மா மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைப்பா. மாமி பிள்ளையைக் குளிக்க வார்ப்பா. பல்லு முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டைக்கு ஒழுங்கை முழுக்க வந்துவிடும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சொந்தம் இல்லாதவளுக்கு இந்த ஏற்பாட்டில் ஒன்றுமே இல்லை.

அப்படி யார் இருக்கினம் என்று கேட்பீர்கள். 1990 ஒக்ரோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தாய் தகப்பனாகிவிட்டார்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, கலியாணம் கட்டிச் சோனகத்தெருவுக்கும் பொம்மைவெளிக்கும் வந்திருக்கும் பெண்ணுக்கு யாழ்ப்பாணம் பேருக்குத்தான் சொந்த ஊர். உம்மாவும் சாச்சிமாரும் புத்தளத்தில். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமைப் பதிவு எடுக்கவே தகப்பன் கந்தோர் கந்தோராக அலைகிறான். கொழும்பில் வேலை செய்யும்போது விரும்பிக் கட்டிய சிங்கள மருமகள் இருக்கிறாள். வெளிநாட்டில் இருந்து வந்து நிற்பவர்களும் உண்டு, அவர்களுக்குக் காசு கொஞ்சம் கைகொடுக்கும். விடுவோம்.

மலையகத்து ஹற்றன் பக்கத்துப் பெண் ஒருத்தி என் பகுதியில் இருந்தாள். தாய் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவ. நாட்சம்பளக்காரி இங்கே வந்து 31 நாள் எப்படி நிற்கிறது? மூன்றாம் நாளே பஸ் ஏறிவிட்டா. மாமியும் உயிரோடு இல்லை. புருஷன் விடியவே மேசன் வேலைக்குப் போய்விடுவான். நான் வீடு பார்க்கப் போனபோது பதினொரு மணி இருக்கும். அடுப்பு அணைந்து கிடக்கிறது. பிள்ளை மடியில் பால் குடித்தபடியே நித்திரை. பிள்ளை எழும்பிவிடும் என்று அசையாமல் இருந்து, ஒற்றைக் கையால் வெங்காயம் உரிக்கிறாள். "காலமை என்ன சாப்பிட்டனீ?" என்றேன். "தேத்தண்ணி குடிச்சேன் மிஸ்" என்றாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நான்கு பெண்கள் உள்ள வீடு. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. "எங்கடை ஆக்கள் இல்லையே மிஸ், எப்பிடிப் போறது?" என்றார்கள். கூச்சம். மரியாதைக்குத்தான் அதைக் கூச்சம் என்று சொல்கிறேன். ஒருவர் கிணற்றில் மற்றவரை அள்ளவிடாத காலத்தைக் கண்ட ஊர் இது. அந்தப் பழக்கத்தின் வேர் எங்கே கிடக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அரசாங்கம் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்ல வேண்டாம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைதான் இன்றைக்கு மிட்வைஃபை, அதாவது என்னைப் போன்ற குடும்பநல உத்தியோகத்தரை, உங்கள் படலைக்குக் கொண்டுவருகிறது. இரண்டாம், நான்காம், ஆறாம் மாதத்து ஊசிக்கு யாரும் சாதி சமயம் கேட்பதில்லை. ஆனால் மிட்வைஃப் ஒரு வீட்டில் அரை மணி நேரம் நிற்பாள். மிச்ச நேரத்துக்கு அயல்தான் இருக்கிறது.

இனி மொழி விஷயம். சிங்கள மருமகளிடம் வீட்டார் முதலில் சொல்லுவது, "பிள்ளையோடை தமிழிலை மட்டும் கதை, இல்லாட்டிப் பிள்ளை குழம்பிப்போகும்." நல்லெண்ணத்தில் சொல்லுவதுதான், ஆனால் பிழை. இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளை இரண்டையும் கலந்து கதைக்கும், பிறகு தானாகப் பிரித்துக்கொள்ளும். சொற்களை எண்ணுவதென்றால் இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ண வேண்டும். தாய்க்குத் தெரிந்த தமிழ் நாலு சொல் என்றால், அந்த நாலு சொல்லோடு அவள் பிள்ளையைத் தாலாட்ட முடியுமா, கதை சொல்ல முடியுமா? அவள் வாய் மூடிவிடுவாள். தாய் கதைக்காத வீட்டில் பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தலாம். அவள் சிங்களத்தில் கதைக்கட்டும், அப்பம்மா தமிழில் கதைக்கட்டும். பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேடு சிங்களத்திலும் அச்சாகிறது, கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். தன் மொழியும் சமயமும் சிறுபான்மைச் சமூகத்துப் பிள்ளைக்கு மறுக்கப்படக் கூடாது என்று ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. எங்கள் மொழிக்காக இதையெல்லாம் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் நாங்கள்.

முன்பள்ளி ஆசிரியைமாருக்கு ஒன்று. வேற்றுமொழி வீட்டில் இருந்து வரும் பிள்ளை சில மாதம் வாய் திறக்காமல் இருக்கலாம். அது மந்தம் அல்ல, பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. வலிந்து பேசவைக்காதீர்கள். விளையாட்டில் சேருங்கள். காலையில் தேவாரம் பாடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. முஸ்லிம் பிள்ளையும் வேதக்காரப் பிள்ளையும் அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நிர்வாக சபையிடம் காசு கேட்கவில்லை. இந்த மண்டபம் சனிக்கிழமை காலையில் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே ஒரு கரம் போர்டும் பழைய பேப்பர் கட்டும்தான். ஒன்பது மணிக்குத் திறந்து பாய் விரியுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு தாய்மார் வரட்டும், பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள அம்மம்மாமாரும் வரட்டும். அவர்கள் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தால் தாய் ஒரு தேத்தண்ணி ஆறுதலாகக் குடிப்பாள். பிரதம விருந்தினர், பொன்னாடை, படம் எடுப்பு ஒன்றும் வேண்டாம். வாழைப்பழம் வையுங்கள், எந்த வீட்டுப் பிள்ளையும் சாப்பிடும். கடலை வேண்டாம், சின்னதுகளுக்குப் புரைக்கேறும். ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு பெண் பொறுப்பெடுத்தால், புதிதாக வந்த வீட்டுக்குப் போய் கிளினிக் எந்த நாள் என்று சொல்லி, முதல் தடவை கூடவும் போகலாம்.

திறப்பு செயலாளர் தம்பியிடம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமைக்கு இரண்டு பாயும் ஒரு கேத்தலும் வேண்டும். கேத்தல் நான் கொண்டுவருகிறேன். பாய் யார் என்று போகும்போது தம்பியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.