மூன்று எம்.எம். ஷீட்டில் கூடுதலாக வந்த மூன்றரை கிலோ

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். நீடாமங்கலம் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, எட்டுக்கு நாலு அடி இரும்பு ஷீட், 3 எம்.எம். கனத்துல வாங்கினேன். என் கணக்குப்படி 70 கிலோதான் வருது. பில்லில் 73.6 கிலோ போட்டிருக்காங்க. ஏமாத்திட்டாங்களா?"

இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தம்பியின் கணக்கும் சரி, கடைக்காரரின் தராசும் சரி. இரண்டும் சரியாக இருந்தும் எப்படி இடிக்கிறது?

முதலில் கணக்கு. எஃகு ஒரு கன மீட்டர் 7,850 கிலோ. அப்படியானால் ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு எம்.எம். கனம், 7.85 கிலோ. பரப்பை மீட்டரில் வையுங்கள், கனத்தை எம்.எம்.மில் வையுங்கள், 7.85-ஆல் பெருக்குங்கள். கம்பிக்கு மீட்டர் எடை பார்க்க எம்.எம். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்கிறோமே, அதுவும் இதே 7,850-லிருந்து பிறந்ததுதான்.

இந்த 7.85 மனதில் நிற்க ஒரு மழைக்கணக்கு சொல்கிறேன். ஐப்பசி பிறந்தால் நம் பக்கத்தில் டீக்கடையில் முதல் பேச்சே "ராத்திரி எத்தனை மில்லிமீட்டர்?" என்பதுதான். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை நின்றால் அது ஒரு லிட்டர், ஒரு கிலோ. தண்ணீர் நின்ற அந்த இடத்தில் எஃகு இருந்தால் அதைப் போல 7.85 மடங்கு.

நான் பட்டறையில் எடுபிடியாக இருந்தபோது இந்த 7.85 மண்டையில் ஏறவே இல்லை. புள்ளியை எங்கே வைப்பது என்று தடுமாறுவேன். ஒருநாள் வாசலில் ஓரம் மடித்த தட்டு ஒன்று, மீட்டருக்கு மீட்டர், மழையில் கிடந்தது. மேஸ்திரி ஸ்கேலை உள்ளே நிறுத்தினார். தண்ணீர் ஐந்து எம்.எம். கோட்டைத் தொட்டது. தட்டை ஒரு மூலையாகச் சாய்த்து ஐந்து லிட்டர் கேனில் ஊற்றச் சொன்னார். கேன் கழுத்து வரை வந்தது. "இதே கனத்துக்கு இரும்பு இருந்தா 39 கிலோவுக்கு மேல. தூக்குவியா?" என்றார். அன்றைக்கு ஏறியது, இன்று வரை இறங்கவில்லை.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். எட்டடிக்கு நாலடி என்றால் 2.438-க்கு 1.219 மீட்டர். பரப்பு 2.97 சதுர மீட்டர். மூன்று எம்.எம்.முக்கு 70 கிலோ. ஆனால் கடையில் "எட்டுக்கு நாலு" என்று வாயால் சொல்லிக் கொடுக்கிற ஷீட் பெரும்பாலும் 2500-க்கு 1250 எம்.எம். நீளத்தில் 62 எம்.எம்., அகலத்தில் 31 எம்.எம். கூடுதல். பரப்பு 3.125. அதை மூன்றாலும் 7.85-ஆலும் பெருக்கினால் 73.6 கிலோ. டேப்பை வைத்துப் பாருங்கள் தம்பி, உங்கள் ஷீட்டும் அந்த அளவுதான் இருக்கும்.

நீங்கள் இன்னொன்றையும் கேட்டிருக்கலாம்: "கனம் உண்மையிலேயே மூன்றுதானா?" என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான கேள்வி. ஒருமுறை 3 எம்.எம். என்று வாங்கி டிராக்டர் டிரெய்லருக்குத் தளம் போட்டேன். நெல் மூட்டை ஏற்றியதும் சட்டங்களுக்கு நடுவே தொய்ந்துவிட்டது. அளந்து பார்த்தால் 2.7. எடைக்குத்தான் காசு கொடுத்தேன், பணத்தில் நஷ்டமில்லை. ஆனால் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கிற தன்மை, கனத்தின் மும்மடியாகப் போகும். 0.9-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 0.729. கனத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. வாய்க்கால் மதகு ஷட்டரில் தண்ணீர் தொடுகிற கோட்டில் துரு தின்று 6 எம்.எம். பிளேட் 5 ஆகியிருக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, அந்த இடத்தில் விறைப்பு நூற்றுக்கு 58 ஆகியிருக்கும்.

கனம் அளக்கிற வெர்னியர் காலிப்பரை வெட்டிய ஓரத்தில் அப்படியே வைக்காதீர்கள். பிசிறு கனத்தைக் கூட்டிக் காட்டும். அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பெயின்ட், துரு இல்லாத இடமாகப் பார்த்து நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். வெர்னியர் இல்லையென்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எடையைப் பரப்பால் வகுத்து, மறுபடியும் 7.85-ஆல் வகுத்தால் சராசரி கனம் வந்துவிடும்.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 73.6-ஐ 3.125-ஆல் வகுத்தால் 23.55. அதை 7.85-ஆல் வகுத்தால் 3. முழுக்கனம் கொடுத்திருக்கிறார்கள். இதே அளவு ஷீட்டுக்கு நீங்கள் எதிர்பார்த்த 70 கிலோ பில்லில் வந்திருந்தால் கனம் 2.85-தான். மில்லில் கொஞ்சம் கூடக்குறைய வருவதற்கு அனுமதி உண்டு, ஆனாலும் அப்போது நானே உங்களை வெர்னியரோடு கடைக்குப் போகச் சொல்லியிருப்பேன்.