ஆபீஸ் 2

நடுவர் அவர்களே, வணக்கம். காதல் உடைவது காதலர்களின் குணத்தாலா, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பாலா என்பது தலைப்பு. எதிர்பார்ப்பால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

"வீட்டில் எதிர்த்தால் காதல் இன்னும் இறுகத்தான் செய்யும், உடைந்தால் கோளாறு அந்த இருவரிடம்தான்" என்றார் எதிரணித் தோழி. கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன், பழக்கதோஷம்.

அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1972இல் அமெரிக்க உளவியலாளர்கள் 140 ஜோடிகளை ஆராய்ந்து, பெற்றோர் குறுக்கிட்டால் காதல் கூடுகிறது என்று எழுதினார்கள். ரோமியோ ஜூலியட் விளைவு என்று பெயரும் வைத்தார்கள். தோழி அந்த இடத்திலேயே இறங்கிவிட்டார். வண்டி அதற்கப்புறமும் ஓடியது. 2014இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. குறுக்கீடு கூடிய இடத்தில் அன்பும் நம்பிக்கையும் குறைந்துதான் இருந்தன.

சரி, ஆய்வை விடுங்கள். என் நண்பர் ஒருவர் நாலு வருஷமாகக் காதலித்தவர். அந்தப் பெண்ணின் எண்ணைக் கைபேசியில் 'ஆபீஸ் 2' என்று பதிந்து வைத்திருந்தார். வீட்டில் யாராவது திரையைப் பார்த்துவிட்டால்? ஒருநாள் எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண், விளையாட்டாக அவரை அழைத்தார். மேசையில் கைபேசி அதிர்ந்தது. எட்டிப் பார்த்தார்.

"நாலு வருஷமா நான் உனக்கு ஆபீஸா? அதுலயும் ரெண்டாவதா?"

எதிரணியைக் கேட்டால், அவன் கோழை, அவள் கோபக்காரி, குணம் ஒத்துவரவில்லை என்று கணக்கை முடித்துவிடுவார்கள். அந்தப் பெயரை வைக்கவைத்தது யார் நடுவர் அவர்களே? நண்பரின் அப்பா ஒருநாளும் 'காதலிக்கக் கூடாது' என்று சொன்னதில்லை. மகனைப் பாராட்டத்தான் செய்தார்: "இவன் எங்க பேச்சைத் தட்டமாட்டான்." திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். பாராட்டுக்கு என்ன பதில் சொல்வது? பயம் வீட்டில் முளைத்தது, சண்டை மட்டும் அந்த மேசையில் நடந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மேசைதானே தெரியும்!

மணியில் கை வைத்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். நண்பர் பெயரை மாற்றினார். அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரையே பதிந்தார். ஆனால் அதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அதற்குள் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வருவது நின்றுபோயிருந்தது. நன்றி, வணக்கம்.