கம்பெனியும் ஒரு ஆளா?

நேயர்களுக்கு வணக்கம். கம்பெனியைச் சட்டம் ஒரு ஆளாக நடத்தலாமா என்ற விவாதம் வக்கீல்களோடு முடிந்துபோவதல்ல. நீங்கள் வாங்கிய மிக்சி பழுதானால் கம்பெனி மேல்தான் வழக்குப் போடுவீர்கள், அதன் பங்குதாரர் ஒவ்வொருவர் மேலும் அல்ல. முதலாளி காலமானாலும் கம்பெனி இருக்கும், அது பட்ட கடனும் இருக்கும். இதற்காகத்தான் சட்டம் அதை ஆள் என்கிறது. ஒரு காரியத்துக்காக. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த வழக்கு ஒன்று உண்டு, பத்தூர் நடராஜர் வழக்கு. 1976-ல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த சிவன் கோயிலின் பக்கத்தில் மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவருக்குச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அதில் நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். 1982-ல் பம்பர் என்ற கனடா கம்பெனி அவரை வாங்கியது. பழுதுபார்ப்பதற்காகப் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. கம்பெனி வழக்குப் போட்டது. எதிரே யார் நின்றார்கள் தெரியுமா? இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் மட்டுமல்ல, அந்த இடிந்த கோயிலே நின்றது! நம் சட்டப்படி கோயில் வழக்காடலாம். இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. ஆனாலும் நட்பு நாட்டின் சட்டத்தை மதித்து, கோயிலின் உரிமையே மேலானது என்று 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நடராஜர் ஊர் திரும்பினார். இந்தத் தீர்ப்பை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கவனியுங்கள், இரண்டு பக்கமும் சட்டம் உண்டாக்கிய ஆட்கள். கோயிலுக்கு அந்தத் தகுதி அதன் சொத்தைக் காக்க. கம்பெனிக்கு வியாபாரம் நடத்த. காரியத்துக்கு ஏற்ற அளவு, அவ்வளவுதான். அதைத் தாண்டினால்தான் வம்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-ல், கம்பெனிகள் தேர்தல் சமயத்தில் தங்கள் பணத்தைக் கொட்டிப் பிரசாரம் செய்வதும் பேச்சுரிமைதான் என்றது. ஓட்டுப் போட முடியாத ஒன்றுக்கு இவ்வளவு பெரிய குரல் எதற்கு? நம் உச்ச நீதிமன்றம் 1963-லேயே, கம்பெனி ஆள்தான், ஆனால் குடிமகன் அல்ல என்று சொல்லிவிட்டது. பேச்சுரிமை முதலானவை குடிமக்களுக்கு உரியவை. பிற்பாடு, பங்குதாரர்கள் தங்கள் சொந்த உரிமையைச் சொல்லி வழக்காட வழி திறந்தது, அது வேறு. அடிப்படைக் கோடு சரியான இடத்தில் விழுந்தது என்பதே என் கருத்து.

போபாலைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1984-ல் அங்கே யூனியன் கார்பைடு இந்தியா என்ற கம்பெனியின் ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 2010-ல் போபால் நீதிமன்றம் அந்த இந்தியக் கம்பெனிக்கு விதித்தது சுமார் 5 லட்சம் ரூபாய் அபராதம். கம்பெனியைச் சிறையில் போட முடியாது. அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டு ஆண்டு தண்டனை, அன்றே ஜாமீன். சொத்து வாங்கும்போது கம்பெனி தனி ஆளாக இருக்கட்டும். உயிர்கள் போகும்போது, பாதுகாப்பில் காசை மிச்சம் பிடிக்க முடிவெடுத்தவர்கள் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற வேண்டும். வணக்கம்.